மேலக்கோணத்து முறை டேட்டா

மேலக்கோணத்துக்காரர்களை முட்டாள்கள் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். உலகத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அந்த ஊரைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேற்கே மலையிலிருந்து வருகிற வாய்க்கால் முதலில் மேலக்கோணத்துக்கு வரும், மிஞ்சினது கிழக்கே கீழக்கோணத்துக்குப் போகும். பகல் முழுவதும் மேலக்கோணத்து முறை. அந்த முறைத் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட அவர்கள் கீழக்கோணத்துக்கு விட்டதில்லை. மழை கொட்டினாலும் குடையைப் பிடித்துக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். பயிர் அழுகினாலும் அது தங்கள் தண்ணீரில் அழுகியது என்று ஒரு நிறைவு.

அந்த ஊரில் தளவாய் என்று ஒருவன். வயது முப்பத்துநான்கு. பதினோரு இடத்தில் பெண் பார்த்துப் பதினோரு இடத்திலும் தட்டிப்போயிருந்தது. பன்னிரண்டாவதாகத் தரகர் கொண்டுவந்தது கோமதியின் போட்டோ. தளவாய் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தவன் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தப் பெண் இல்லையென்றால் இனி பார்ப்பதாக இல்லை என்றும் சொல்லிவிட்டான். உள்ளபடியே அவனுக்கு ஆசை வந்துவிட்டது, பாவம்.

கோமதி கோயம்புத்தூரில் மில் ஆபீசில் வேலை பார்த்தாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பொண்ணு வீடியோவுல வருவா. மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசணும்னு சொல்லுதா. பிடிச்சாத்தான் மேக்கொண்டு பேச்சு," என்று சொல்லிவிட்டுத் தரகர் போய்விட்டார். அன்று திங்கட்கிழமை. ஊரில் வீடியோ வருகிற போன் ஒன்றுகூடக் கிடையாது.

தளவாயின் தாய்மாமன் மாசானம் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கூடவே தளவாயின் கூட்டாளிகள் உலகு, பூதப்பாண்டி. உலகு நியாயஸ்தன், எதிலும் பாரபட்சம் கூடாது என்பான். பூதப்பாண்டி பத்தாம் வகுப்புவரை படித்தவன், அதனால் எழுத்து வேலை எல்லாம் அவனுக்கு. போன் நாலு பேருக்கும் பொது என்று முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் டவுனுக்குப் போய் இறங்கினார்கள்.

போன் கடையில் செலின் என்று ஒரு பெண். பொறுமைசாலி. இரண்டு போனை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தாள்.

"இதுல கேமரா சூப்பர் அண்ணாச்சி, பின்னால மூணு இருக்கு. அதுல பேட்டரி நல்லா வரும், ஸ்கிரீனும் பெருசு. ரெண்டுமே நல்ல போன்தான்."

மாசானம் முதல் போனைத் திருப்பிப் பார்த்தார். "மூணு கண்ணும் முதுகுலல்லா இருக்கு. மாப்பிள்ளை போனுக்குப் பின்னால போயா உக்காருவான்?"

"முன்னால ஒண்ணு இருக்கு அண்ணாச்சி."

"ஒண்ணுதானா? பொண்ணுக்கு ரெண்டு கண்ணும்மா," என்றான் உலகு. "அவ ரெண்டு கண்ணால பார்ப்பா, இவன் ஒண்ணால பார்க்கணுமா? நியாயமா இருக்கா?"

முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. தளவாய் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றான். செலினுக்கு மற்ற ஆட்களையும் கவனிக்க வேண்டியிருந்தது.

"ரெண்டையும் பிடிச்சுப் பாருங்க அண்ணாச்சி. எது கைக்கு வாட்டமா இருக்கோ அதை எடுத்துக்கிடுங்க."

இப்படி ஒரு தெளிவான பேச்சைத்தான் அவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். பொதுப் போன் ஆயிற்றே, நாலு பேரும் சேர்ந்து பிடித்தார்கள். சின்னப் போனில் மூன்று கைதான் கொண்டது, உலகுவின் கை வெளியே தொங்கியது. பெரிய போனில் நாலு கையும் கொண்டது. பெரியதையே எடுத்தார்கள்.

அடுத்தது சிம். இரண்டு கம்பெனி. "உங்க ஊருக்கு எந்தக் கம்பெனி டவர் பக்கமோ அந்த சிம்மைப் போடுங்க," என்றாள் செலின். நால்வரும் அந்த நிமிஷமே பஸ் ஏறி ஊருக்குத் திரும்பினார்கள். பக்கம் எது என்று அளக்காமல் எப்படிச் சொல்வது?

மேற்கே ரைஸ் மில்லுக்குப் பின்னால் ஒரு டவர். கிழக்கே குளத்தங்கரையில் இன்னொன்று. புதன்கிழமை கிணற்றுக் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"எங்க நின்னு அளக்கது?" என்று கேட்டான் பூதப்பாண்டி.

"எந்த டவர் பக்கமும் சாயாம நடுவுல நின்னு அளக்கணும்," என்றான் உலகு.

நடுவைக் கண்டுபிடிக்கவே மதியம் ஆகிவிட்டது. அங்கே முளைக்குச்சி அடித்து மேற்கே அளந்தார்கள், நாற்பத்தொரு கயிறு. கிழக்கே அளந்தார்கள், அதுவும் நாற்பத்தொரு கயிறு. அசந்துபோனார்கள். முளைக்குச்சியின் மேல் சந்தேகம் வந்து அதைப் பிடுங்கித் திருப்பி அடித்து இன்னொரு தடவை அளந்தார்கள். அதே நாற்பத்தொன்று.

"ரெண்டு கம்பெனியும் பேசி வச்சுல்லா நட்டிருக்கான்," என்றார் மாசானம்.

கடைசியில் தளவாய்தான் வழி சொன்னான். பெண் பேசப்போவது சாயங்காலம். சாயங்காலத்தில் மேற்கு டவரின் நிழல் ஊர்ப்பக்கம் வரும், கிழக்கு டவரின் நிழல் நம்மைப் பார்க்காமல் குளத்தில் போய் விழும். உலகு முளைக்குச்சியைப் பிடுங்கிவிட்டான். வியாழக்கிழமை டவுனுக்குப் போய் மேற்கு டவர் கம்பெனியின் சிம்மை வாங்கினார்கள்.

"பிளான் எது போடட்டும்?" என்றாள் செலின். "மாசத்துக்கு மொத்தமா அம்பது ஜிபி ஒண்ணு இருக்கு. இல்லன்னா தினம் ரெண்டு ஜிபி, நூறு மெசேஜ். ஆனா அன்னன்னைக்கு உள்ளதை அன்னன்னைக்கே தீர்த்துடணும். மிச்சம் வச்சா மறுநாளைக்குச் சேராது."

நால்வரும் நிமிர்ந்து நின்றார்கள். முதல் தடவையாக அவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று அந்தக் கடையில் பேசப்பட்டது.

"முதல்ல சொன்னது குளம்," என்றார் மாசானம் மற்றவர்களிடம். "ரெண்டாவது முறைத் தண்ணி."

"குளம்னா காவல் போடணும் மாமா," என்றான் பூதப்பாண்டி. "நமக்கு முறைதான் பழக்கம்."

மாசானம் செலின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, மிச்சம் வச்சா அது எங்க போவும்?"

"அது போயிரும் அண்ணாச்சி, அவ்வளவுதான்."

எங்கே போகும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. மேலக்கோணத்தில் மிஞ்சினது எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் வேலை தொடங்கியது. முதலில் நூறு மெசேஜ். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு நம்பர், தரகர் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த கோமதியின் அப்பா நம்பர். மாசானம் சொல்லச் சொல்லப் பூதப்பாண்டி அடித்தான்.

முதல் மெசேஜ், "நலம். நலமறிய ஆவல்." இரண்டாவது, "மாப்பிள்ளை எழுந்துவிட்டார்." மூன்றாவது, "மாப்பிள்ளை பல் விளக்கிவிட்டார்." இருபதுக்குள் மாப்பிள்ளை குளித்துத் தலைதுவட்டி இட்லி சாப்பிட்டு முடித்துவிட்டார். அதற்குமேல் எழுத மாப்பிள்ளையிடம் ஒன்றும் இல்லை. ஊர் நிலவரத்துக்குப் போனார்கள். நாற்பத்தேழாவது, "எங்கள் எருமை கன்று போட்டிருக்கிறது." நாற்பத்தெட்டாவது, "கன்று நிற்கப் பார்க்கிறது." நாற்பத்தொன்பதாவது, "விழுந்துவிட்டது." ஐம்பத்திரண்டில் கன்று நின்றபோது நால்வருக்கும் கண் கலங்கியது. மதியம் பன்னிரண்டு மணிக்கு, "இது நூறாவது. வணக்கம்."

பிறகு டேட்டா. வீடியோவை ஓடவிட்டால் சீக்கிரம் தீரும் என்று செலின் சொல்லியிருந்தாள். அருவி கொட்டுகிற வீடியோ ஒன்றைப் பூதப்பாண்டி தேடி எடுத்தான். அதுதான் வேகமாகப் பாயும் என்று எல்லோருக்கும் பட்டது. போனைத் தளவாயின் வரப்பில் சாய்த்து, திரையை நெற்பயிர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். எப்படியும் ஓடுகிறது, பயிருக்காவது ஆகட்டும்.

மூன்றே முக்காலுக்கு அருவி நின்றது. இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது என்று போனில் எழுத்து வந்தது. பூதப்பாண்டி அதைச் சத்தமாக வாசித்தான். நால்வரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"கீழக்கோணத்துக்கு ஒரு சொட்டு போகல," என்றார் மாசானம்.

தளவாய் புதுச்சட்டை போட்டு, விபூதி பூசி, போனுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தான். நாலு மணி ஆயிற்று. நாலேகால் ஆயிற்று. திரையில் ஒருவரும் வரவில்லை. அவன் சட்டையின் மேல் பட்டனைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான். நாலரைக்கு முகம் வாடிவிட்டது. "பன்னெண்டாவதும் போச்சு மாமா," என்றான் மெதுவாக. அவன் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

அப்போது போன் சாதாரணமாக மணி அடித்தது. கோமதியின் அப்பா.

"என்ன சம்பந்தி, வீடியோ போட்டுப் போட்டுப் பார்க்கோம், போகமாட்டேங்கே."

"மூணே முக்காலுக்கே பாய்ச்சி முடிச்சிட்டோம்," என்றார் மாசானம் பெருமையாக. "இன்னைக்கு முறை முடிஞ்சுட்டு."

அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ முணுமுணுப்பது கேட்டது.

"சரி, ஞாயித்துக்கிழமை நேர்லயே வாறோம். எம்மவ பார்த்துட்டுச் சரின்னாத்தான் சரி, இப்பவே சொல்லிட்டேன்." பிறகு தயங்கினார். "எருமைக் கன்னுக்குட்டி எப்படி இருக்குன்னு கோமதி கேக்கா."

தளவாய் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றான். "நல்லா இருக்குன்னு சொல்லுங்க மாமா. நடக்குன்னு சொல்லுங்க."

அன்று மாலையே புதுக்கவலை வந்தது. பெண் வீடு தேடி வருகிற நேரத்தில், விருந்தாளிக்குத் தண்ணீர் இல்லாததுபோல, டேட்டா தீர்ந்துபோனால்? மாசானம் மேற்கு டவர் காவலாளியிடம் போய் இன்னும் கொஞ்சம் திறந்துவிட முடியுமா என்று கேட்டார். கையில் ஒரு தார் வாழைப்பழமும் கொண்டுபோயிருந்தார்.

"அதெல்லாம் நம்ம கையில இல்ல," என்றார் காவலாளி. "இந்தா, டவருக்குக் கீழ நின்னா நல்லா வரும். உங்க வீட்டுக்குப் போகப் போகக் குறைஞ்சிரும், அவ்வளவுதான்."

மாசானம் பழத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தார். "வழியில ஊறிப்போவுதுலே. வாய்க்கால் இல்லாம வெறும் தரையில விட்டா ஊறாம என்ன செய்யும்?"

சனிக்கிழமை ஊரே மண்வெட்டியோடு வந்தது. மேற்கு டவரின் அடியிலிருந்து தளவாய் வீட்டு வாசல்வரை ஒன்றரை அடி அகலத்தில் ஒரு வாய்க்கால். ஊறாமல் இருக்கக் களிமண் பூசினார்கள். தளவாய் மட்டும் ஆறு பேர் வேலையைச் செய்தான். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ஞாயிறு விடிந்தபோது வாய்க்கால் காய்ந்து, சுத்தமாக, ஒன்றுமே இல்லாமல் கிடந்தது. ஊரார் கரையில் நின்று திருப்தியோடு பார்த்தார்கள்.

பத்து மணிக்குக் கார் வந்தது. கோமதியும் அவள் அப்பாவும் இறங்கினார்கள். அப்பா வாய்க்காலைப் பார்த்து, "இது என்னது?" என்றார். மாசானம் கயிறு அளந்ததிலிருந்து காவலாளி சொன்னதுவரை ஒன்றுவிடாமல் விளக்கினார். அப்பா கார்க் கதவின் மேல் கையை வைத்தபடியே நின்றார்.

கோமதி புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாகவே டவர்வரை நடந்தாள். தளவாய் கொப்பளித்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவள் அதே வழியாகத் திரும்பி வந்து நேராக அவன் முன்னால் நின்றாள்.

"இதை யாரு வெட்டுனது?"

"எல்லாருந்தான். பாதி நான் வெட்டுனேன்."

"வாட்டம் நல்லா இருக்கு. ஆனா கடைசியில மடையை ஏன் அடைக்கல? இப்படித் திறந்து போட்டிருக்கீங்களே. உங்க வீட்டைத் தாண்டி எல்லாம் கீழ ஊருக்குல்லா போயிரும்?"

மேலக்கோணம் தலைகுனிந்தது. இவ்வளவு பெரிய தப்பை அவர்கள் வாழ்நாளில் செய்ததில்லை. கோமதி மண்வெட்டியை வாங்கி, நாலு வெட்டு மண் அள்ளிப் போட்டு, காலால் மிதித்து மடையை அடைத்தாள். தன் போனை எடுத்துப் பார்த்தாள். "இப்ப நிக்குது," என்றாள்.

ஆனால் சரி என்று இன்னும் சொல்லவில்லை. கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. அப்பா காப்பி குடித்தார், வெற்றிலை போட்டார், மகளைப் பார்த்தார். அவள் எருமைக் கன்றைத் தடவிக்கொண்டிருந்தாள். தளவாய் கன்றின் மறுபக்கத்தில் நின்றான்.

அந்த நேரம் பார்த்துக் கிழக்கேயிருந்து நாலு பேர் வேகுவேகென்று வந்தார்கள். கீழக்கோணத்துக்காரர்கள். ஒருவன் கையில் குடம் இருந்தது.

"அரை மணி நேரமா எங்க போன்ல ஒண்ணுமே வரல," என்றான் முன்னால் வந்தவன். "மடையை அடைச்சது யாரு?"

"நாந்தான்," என்றாள் கோமதி, கன்றைவிட்டு நிமிர்ந்து. "சண்டை வேண்டாம். முதல்ல எங்க கல்யாணம் முடியட்டும். நான் இந்த ஊருக்கு வந்த பிறகு வாங்க, ஒரு முறை வச்சு உங்களுக்கும் திறந்துவிடுதேன்."

தளவாய்க்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

கீழக்கோணத்துக்காரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். பெண் சொல்வது நியாயம் என்று உலகுவும் சொன்னான். "அதுவரைக்கும் சமாளிக்க ஒரே ஒரு குடம் மட்டும் மொண்டுக்கிடட்டுமா?" என்று பணிவாகக் கேட்டார்கள்.

கோமதி தளவாயைப் பார்த்தாள். அவன் குடத்தை வாங்கி வாய்க்காலில் இறங்கி, அழுத்தி, விளிம்புவரை மொண்டு, துண்டால் அடியைத் துடைத்துக் கொடுத்தான்.

ஒருவன் குடத்தைத் தலையில் வைத்துக்கொள்ள, இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கிக்கொள்ள, நாலாவது ஆள் முன்னால் கல்லையும் முள்ளையும் ஒதுக்கிக்கொண்டு போக, தளும்பாமல் மெதுவாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.