போதும் என்றால் இன்னொரு சுற்று

தென்காசிக்குத் தெற்கே, மலையைப் பார்த்த மாதிரி, ‘குதூகலத் தோட்டம்’ என்று ஒரு விளையாட்டுப் பூங்கா இருந்தது. ராட்டினம் உண்டு, பேய் வீடு உண்டு, கரடி வேஷம் போட்டு ஒருத்தன் கை குலுக்குவது உண்டு. மூளை மட்டும் அங்கே கொஞ்சம் கம்மி. இருந்ததையும் வேலைக்காரர்கள் நாலு பேரும் நாளைக்கு வேணுமே என்று செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

ராட்டினம் சுற்றுகிறவன் மாசானம். வாசலில் டிக்கெட் கொடுக்கிறவள் முப்பிடாதி. கரடிக்குள் இருக்கிறவன் பலவேசம். பேய் வீட்டில் பேயாக நிற்கிறவன் இசக்கி. நாலு பேரும் நல்லவர்கள். ஒருத்தரைக் கெடுக்கத் தெரியாது. அதற்கும் யோசிக்க வேண்டும் அல்லவா!

மாசானத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் ஆலங்குளம், பேர் செண்பகவல்லி. பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். “மாப்பிள்ளைக்கு நிலம் வேண்டாம், நகை வேண்டாம். சட்டைப் பையில பேர் தைச்ச கம்பெனி வேலையில இருக்கணும். தை மாசம் தாலி கட்டுத அன்னிக்கும் அந்தச் சட்டை இருக்கணும்.” மாசானத்தின் நீலச் சட்டையில் பேர் தைத்திருந்தது. ராத்திரி அதைத் துவைத்துக் காயப்போட்டு, காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

இப்படி இருக்கையில் பூங்காவில் புகாருக்கு மேல் புகார் வந்து குவிந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரடி தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முறுக்குத் தின்றது. பேய், பேய் வீட்டு வாசலில் குத்தவைத்து, “நான் அனுப்பின அரிசியை அரைச்சாச்சா?” என்று போனில் பெண்டாட்டியை விரட்டிக்கொண்டிருந்தது. முப்பிடாதி வரிசையில் நின்றவர்களிடம் தன் நாத்தனார் இரவல் வாங்கின குக்கரைத் திருப்பித் தராத கதையைச் சொல்லி, “நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க” என்று கேட்டு, அவர்கள் நியாயம் சொல்லும்வரை டிக்கெட் கொடுக்கவில்லை. மாசானமோ ராட்டினத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். உச்சியில் இருந்தவர்கள் கத்தியதற்கு, “மேல நல்ல காத்து வருமே, அனுபவிங்க” என்று கை காட்டிவிட்டுப் போனானாம்.

முதலாளி கோமதிநாயகம் நாலு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“ஏம்ல, வீட்டுக்கு விருந்தாளி வந்தா இப்படித்தான் நடந்துக்கிடுவியளா?”

“இல்ல அண்ணாச்சி” என்றார்கள் நாலு பேரும்.

“வீட்டுல விருந்தாளிய எப்படிக் கவனிப்பிய? அதே மாதிரி இங்க கவனிங்க. கூட ஒண்ணும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை நான் சங்கரன்கோவில்ல ஒரு கல்யாணத்துக்குப் போறேன். திரும்பி வரும்போது ஒரே ஒரு புகார் இருந்துச்சுன்னாலும் நாலு பேரும் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு நடையைக் கட்டுங்க.”

சட்டை என்றதும் மாசானம் பையில் தைத்த பேரைக் கையால் பொத்திக்கொண்டான். அவன் கண்ணுக்கு முன்னால் செண்பகவல்லி வேறு யாரோ பேர் தைத்த சட்டைக்காரனுக்கு மாலை போட்டாள்.

அன்று சாயங்காலம் கரடித் தோலை விரித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து நாலு பேரும் ஆலோசித்தார்கள்.

“வீட்டுக்கு ஆள் வந்தா முதல்ல என்ன செய்வோம்?” என்றான் மாசானம்.

“கிழிஞ்ச பாயை ஒளிச்சு வைப்போம்” என்றான் பலவேசம்.

“அதுக்குப் பொறவு?”

“வாங்கன்னு கேக்கணும்” என்றாள் முப்பிடாதி. “சும்மா ஒரு வாங்க இல்ல. வாய் நிறையக் கேக்கணும். எங்க பெரியப்பாவை ஒரு சடங்கு வீட்டுல வாங்கன்னு கேக்கலன்னு, பந்தியில உக்காந்த மனுஷன் எந்திரிச்சுப் போயிட்டாரு. பாயசம் வரைக்கும் சாப்பிட்டுட்டுத்தான் போனாரு. ஆனாலும் கோவம் கோவம்தான்.”

“இருட்டுல உக்கார வைக்கக் கூடாது” என்றான் இசக்கி. “லைட்டைப் போடணும்.”

மாசானம் ரொம்ப நேரம் மோவாயைத் தடவினான். “எல்லாத்தையும் விட முக்கியமான ஒண்ணை விட்டுட்டிய. விருந்தாளி போதும்னு சொன்னா என்ன செய்யணும்?”

“இன்னும் ஒரு கரண்டி வைக்கணும்” என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

“வேண்டவே வேண்டாம்னு சொன்னா?”

“ரெண்டு கரண்டி.”

“அதேதான். எங்க அத்தை ஒருக்க மூணாவது தோசைக்குப் போதும்னாவ. எங்கம்மா பச்சப்பிள்ளை மாதிரி அதை நம்பி அடுப்பை அணைச்சுட்டா. இன்னிக்கு வரைக்கும் அத்தை எங்க வாசலை மிதிக்கல.”

அத்தையை நினைத்து நாலு பேரும் ‘உச்’ கொட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. முதலாளி பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்.

வாசலில் முதல் குடும்பம் வந்து நின்றது. முப்பிடாதி எழுந்து நின்று கை கூப்பினாள். “வாங்க, வாங்க, வாங்க! எப்ப வந்திய? பஸ்ஸுல இடம் கிடைச்சுதா? ஏன் இப்படி இளைச்சுட்டிய? மூத்தவளுக்கு ஏதும் அமைஞ்சுதா?” என்று கேட்டு ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். வந்தவர் பணத்தை நீட்டினார். முப்பிடாதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“சேச்சே, இருக்கட்டும்.”

“டிக்கெட்டுக்கும்மா.”

“அட, இருக்கட்டும்ங்கேன். நமக்குள்ள என்ன?”

மரியாதை தெரிந்தவர்கள் மூன்று தடவை வற்புறுத்தி அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் இரண்டாவது ‘இருக்கட்டும்’ முடிவதற்குள் உள்ளே போய்விட்டார்கள். வரிசை தார் ரோடு வரைக்கும் நீண்டது. அன்றைக்குப் பூங்காவுக்குள் வந்தவர்களைவிட வாசலில் நலம் விசாரிக்கப்பட்டவர்களே அதிகம்.

உள்ளே கரடி, ஓடி வந்த பிள்ளைகளைப் பார்த்து, “முகத்தை மூடிக்கிட்டு விருந்தாளியைப் பாக்கப்பிடாது” என்று தலையைக் கழற்றி வேலியில் மாட்டியது. பிறகு ஒவ்வொரு பிள்ளையின் கன்னத்தையும் கிள்ளி, “எத்தனாங் கிளாஸ் படிக்க? மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு பாப்போம்” என்றது. பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். “பாடுடா செல்லம், மாமா கேக்காருல்ல” என்று அம்மாக்கள் இழுத்து முன்னால் விட்டார்கள். கரடி ஆடும், பிள்ளைகள் பார்க்கும் என்றுதான் போர்டு சொன்னது. அன்று பிள்ளைகள் வரிசையாக நின்று ஆடினார்கள், கரடி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தது.

பேய் வீட்டில் இசக்கி விடியற்காலையிலேயே எல்லா டியூப் லைட்டையும் போட்டிருந்தான். முதலாளி மதுரையிலிருந்து காசு கொடுத்து வாங்கித் தொங்கவிட்ட நூலாம்படையை எல்லாம் விளக்குமாற்றால் அடித்து, ரத்தக் கறையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மண்டையோட்டுக்கு விபூதி பூசியிருந்தான். ஆட்கள் வந்ததும், “பாத்து வாங்க, குனிஞ்சு வாங்க, இங்க ஒரு எலும்புக்கூடு தொங்குது, தலையில இடிச்சுக்காதிய” என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனான்.

“பேய் எங்கப்பா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“நான்தான் அக்கா. உக்காருங்க, காப்பி போடுதேன்.”

மாசானம் இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துப் பூரித்துப் போனான். தை மாசம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பெரிய மீசைக்காரர் ஒருத்தர், மனைவியோடு ராட்டினத்தில் ஏறினார். பின்னாலேயே இன்னும் பத்து இருபது பேர் ஏறினார்கள். மாசானம் பொத்தானை அழுத்தினான். ராட்டினம் சுற்றியது. எப்போதும் போடுகிற சுற்றெல்லாம் முடிந்தது.

மீசைக்காரர் கீழே வரும்போது, “தம்பி, போதும்” என்றார்.

மாசானத்துக்கு உடம்பு சிலிர்த்தது. “அட, அதுக்குள்ள போதுமா? இன்னும் ஒரே ஒரு சுத்து, எனக்காக!”

மறுபடி கீழே வந்தபோது, “வேண்டாம்ப்பா, நிறுத்து!” என்றார்.

“வெக்கப்படாதிய அண்ணாச்சி! நம்ம ராட்டினம்னு நெனைச்சுக்கிடுங்க!”

“தலை சுத்துதுல!”

“ஒண்ணும் பண்ணாது. எல்லாம் வீட்டுல செஞ்சது!”

அடுத்த சுற்றில் அவர் மனைவி இரண்டு கையாலும் கும்பிட்டார். எவ்வளவு பணிவான குடும்பம் என்று மாசானமும் திருப்பிக் கும்பிட்டான். அதற்கடுத்த சுற்றில் மீசைக்காரர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். இலைக்குக் குறுக்கே கையை வைத்து மறைக்கிறாராக்கும் என்று மாசானம் சிரித்தான். கையால் மறைத்தால் விரல் இடுக்கு வழியாகத்தான் ஊற்ற வேண்டும். வேகத்தைக் கூட்டினான்.

பிறகு ராட்டினத்தில் இருந்த எல்லாருமே, “போதும்! போதும்!” என்று கத்த ஆரம்பித்தார்கள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் உபசாரத்தைப் பாராட்டி மாசானம் கேட்டதே இல்லை. கண் கலங்கிவிட்டது.

கடைசியில் மீசைக்காரரின் மனைவிக்கு வயிற்றைப் புரட்டி, பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது. மாசானம் சட்டென்று ராட்டினத்தை நிறுத்தினான். ஏப்பம் வந்த பிறகு வற்புறுத்தக் கூடாது. அந்த அளவுக்கு அவனுக்கு இங்கிதம் உண்டு.

இறங்கியவர்கள் இறங்கின திக்கில் நடக்காமல், நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வாசலுக்குப் போனார்கள். அங்கே முப்பிடாதி கதவைச் சாத்தி, குறுக்கே நின்றாள்.

“எங்க கிளம்பிட்டிய? மணி நாலரை. ஞாயித்துக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் ராகு காலம். எங்க வீட்டுக்கு வந்தவங்களை ராகு காலத்துல அனுப்பினேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்பிடாது.”

ஆறு மணிவரை எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஆறு அடித்ததும் முப்பிடாதி கதவைத் திறந்தாள். மீசைக்காரர் ஒரு காலை வெளியே வைத்தார். யாரோ ஒரு பிள்ளை ‘அச்சு’ என்று தும்மியது.

“ஒத்தத் தும்மல்!” என்று முப்பிடாதி அலறினாள். “உள்ள வாங்க, உள்ள வாங்க. உக்காந்து தண்ணி குடிச்சுட்டுப் போங்க!”

அப்போதுதான் முதலாளி காரிலிருந்து இறங்கினார். வாசலில் ஒரு ஊரே உட்கார்ந்து செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து அவரிடம் புகார் சொன்னார்கள். சொல்ல முடியாதவர்கள் மீசைக்காரரின் மனைவியைச் சுட்டிக் காட்டினார்கள்.

முதலாளி முகம் சிவந்தது. “இந்த நிமிஷத்துலேருந்து நீங்க நாலு பேரும் என் வேலைக்காரங்க இல்ல! சட்டையைக் கழட்டுங்கல!”

நாலு பேரும் கழற்றிக் கொடுத்தார்கள். முப்பிடாதி சேலைக்கு மேலே போட்டிருந்த நீலச் சட்டையைக் கொடுத்தாள். பலவேசம் கரடித் தோலைக் கொடுத்தான். மாசானம் தன் சட்டையை மடித்து, பேர் தைத்த பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைத்து, அதை ஒரு தடவை தடவிவிட்டுக் கொடுத்தான். பனியனோடு ராட்டினத்தின் அடியில் போய் உட்கார்ந்தான். மற்ற மூன்று பேரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

“செண்பகவல்லி போயிட்டா” என்றான் மாசானம்.

“அழாதல” என்றான் இசக்கி. பிறகு நெற்றியைச் சுருக்கினான். “எனக்கு ஒரு சந்தேகம். நாம வேலைக்காரங்க இல்லன்னா, பொறவு யாரு?”

இது பெரிய கேள்வி. நாலு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

“இந்த வேலிக்குள்ள ரெண்டே வகை ஆளுங்கதான் உண்டு” என்றாள் முப்பிடாதி. “வேலைக்காரங்க, விருந்தாளிங்க.”

“வேலைக்காரங்க இல்லன்னு முதலாளி வாயாலேயே சொல்லிட்டாரு” என்றான் பலவேசம்.

“அப்ப...”

நாலு பேர் முகமும் மெதுவாக மலர்ந்தது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாசானம் ராட்டினத்தில் ஏறினதே இல்லை. மூன்று பேரையும் தொட்டிலில் உட்கார வைத்தான், பொத்தானை அழுத்தினான், ஓடிப் போய்த் தானும் தாவி ஏறிக்கொண்டான். ராட்டினம் சுற்றியது. மலை தெரிந்தது, குளம் தெரிந்தது. ஆலங்குளம்கூடத் தெரிகிற மாதிரிதான் இருந்தது.

முதலாளி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். “எவன்ல அது ராட்டினத்துல? இறங்குங்கல!” என்று கத்தி, ஒரு பொத்தானை அழுத்தினார். பாட்டுப் பாடியது. இன்னொன்றை அழுத்தினார். கலர் லைட் எரிந்தது. மூன்றாவதை அழுத்தினார். வேகம் கூடியது.

“பாத்தியாக்கா, விருந்தாளின்னுகூடப் பாக்காம என்ன பேச்சுப் பேசுதாருன்னு!” என்றான் இசக்கி.

“வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டாரா?” என்றாள் முப்பிடாதி. “இந்த மாதிரி ஆளை எல்லாம் யாரு வேலைக்கு வச்சது?”

“கீழ போனதும் புகார் எழுதிப் போட்டுட வேண்டியதுதான்” என்றான் பலவேசம்.

வாசலில் இருந்த கூட்டம் எல்லாம் திரும்பி வந்து வேடிக்கை பார்த்தது. மீசைக்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

“மாசானம்! இதை எப்படில நிறுத்துதது?” என்று முதலாளி கேட்டார்.

மாசானம் கீழே வந்தான். “அண்ணாச்சி, நான் இப்ப விருந்தாளி. விருந்தாளிய...” மேலே போனான். மறுபடி கீழே வந்தான். “...வேலை வாங்கப்பிடாது. மரியாதை இல்ல.”

முதலாளி பல்லைக் கடித்தார். கூட்டத்தைப் பார்த்தார். ராட்டினத்தைப் பார்த்தார். “சரி! உன்னைத் திரும்பவும் வேலைக்குச் சேத்துக்கிட்டேன்! இந்தா உன் சட்டை! வந்து நிறுத்துல!” என்று தூக்கி எறிந்தார்.

மாசானம் எட்டிப் பிடித்தான். உச்சிக்குப் போகிறதுக்குள் போட்டுக்கொண்டான், பொத்தானை எல்லாம் மாட்டிக்கொண்டான். பையில் பேர் இருந்தது. கல்யாணம் நிச்சயம்தான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பாகக் கீழே இறங்கி வந்தது.

“ரொம்ப நன்றி அண்ணாச்சி! ஆனா மணி ஆறைத் தாண்டிட்டு, டூட்டி முடிஞ்சாச்சு. நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு வந்து, முதல் வேலையா நிறுத்திடுதேன்!”

ராட்டினம் அவனை மேலே கொண்டுபோனது.

பலவேசம் கொஞ்ச நேரம் யோசித்தான். “ஏம்ல மாசானம், இது சுத்திக்கிட்டே இருந்தா, நாளைக்கு ஒம்பது மணிக்கு நீ எப்படி இறங்குவ?”

“கூறுகெட்டவனே, இது தெரியாதா?” என்றான் மாசானம். “முதல்ல இறங்கிப் போய் ராட்டினத்தை நிறுத்துவேன். நின்னதுக்குப் பொறவு மெதுவா இறங்குவேன்.”

அதுவும் சரிதான் என்று மூன்று பேரும் தலையாட்டினார்கள்.