கோட்டுக்குள் ஒரு பேர்

அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாவு மில்லுக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் இருந்தது உமையாள் அம்மையின் மடம். காடும் அருவியும் தேடிப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும், மில் சத்தத்தில் கண்ணை மூடி உட்கார முடிந்தவர்கள் இங்கே வரட்டும் என்பது அம்மையின் கட்சி.

அம்மைக்கு நாற்பதுக்குச் சற்று மேல். சீடர் கோமதிநாயகத்துக்கு அறுபது தாண்டியாயிற்று. மடத்தில் அவரைக் ‘குருவுக்கு மிஞ்சிய சீடன்’ என்று கேலி செய்வார்கள். வயதில் மிஞ்சியதைத்தான் சொல்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். மொத்த வியாபாரக் கிட்டங்கி ஒன்றில் வந்த சரக்கையும் போன சரக்கையும் சரிபார்த்தே தலை நரைத்தவர். மனைவி தெய்வானை காலமான பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் இங்கே வந்து சேர்ந்தார். அம்மை அவருக்கு ஒரு திருநாமம் கொடுத்து, ஜெபித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லியிருந்தார்.

ஒரு நாள் காலை, ஜெபத்தில் இருந்தவருக்குப் பக்கத்தில் அம்மை வந்து நின்றார். சீடரின் கண்கள் மூடியிருந்தன. உதடுகள் விடாமல் அசைந்தன. பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். காதைக் கொடுத்தால்தான் வினை.

“எட்டு, ஒன்பது, பூஜ்யம், ஒண்ணு…”

“ஐயா, நான் குடுத்த நாமம் இது இல்லையே?”

கோமதிநாயகம் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். குட்டு வெளிப்பட்டுவிட்டது.

“மன்னிக்கணும் அம்மை. உங்க நாமத்தைத்தான் ஆரம்பிக்கேன். பாதியில இது வந்து உக்காந்துக்கிடுது.”

“இது என்னது?”

அவர் தோள்பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். முகத்துக்குப் போடும் பவுடர் டப்பா. பேரும் படமும் இருந்த இடம் கை பட்டுப் பட்டுத் தேய்ந்து வெறும் தகரமாகியிருந்தது. அடியோரத்தில் மட்டும் கறுப்புக் கோடுகளும் அவற்றின் கீழே எண்களும் பிழைத்துக் கிடந்தன.

“தெய்வானையோடது. காலி டப்பா. போன வருஷம் வரைக்கும் மூடியைத் திறந்தா லேசா வாசனை வரும். இப்போ அதும் இல்லை. இந்த எண்ணும் அழிஞ்சிருமோன்னு பயம். அதான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்.”

“என்ன பவுடருன்னு தெரியாதா?”

“கல்யாணம் ஆன நாள்ல இருந்து மோந்துக்கிட்டுத்தான் இருந்தேன் அம்மை. என்ன பவுடருன்னு ஒரு நாளும் கேட்டதில்லை. அவளே வாங்கிக்கிடுவா.”

சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊரான் சரக்கையெல்லாம் உற்றுப் பார்த்த கண், வீட்டு அலமாரியைப் பார்க்கவில்லை.

அம்மை டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இந்தக் கோட்டுல என்ன எழுதியிருக்கு?”

தெரிந்த விஷயத்தைக் கேட்டதும் கோமதிநாயகத்துக்குத் தெம்பு வந்துவிட்டது.

“முதல் மூணு எண்ணு, கம்பெனி எந்த நாட்டுல பதிஞ்சிருக்குன்னு சொல்லும். சரக்கை எங்க செஞ்சாங்கன்னு சொல்லாது. நிறையப் பேரு அதுல ஏமாந்து போவாங்க. அடுத்தது எந்தக் கம்பெனி, அதுக்கடுத்தது எந்தச் சரக்கு. கடைசி எண்ணு, மெஷின் சரியாப் படிச்சிருக்கான்னு பாக்கதுக்கு.”

“விலை?”

“விலை இதுல கிடையாது. அது கடைக் கம்ப்யூட்டர்ல இருக்கும்.”

“அப்போ கோட்டுக்குள்ள இருக்கது?”

“பேரு மட்டுந்தான் அம்மை.”

“அப்போ சரி. நீங்களும் நாமஜெபந்தான் பண்ணியிருக்கீங்க” என்று அம்மை சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “எதிர்த்தாப்புல சூப்பர் மார்க்கெட்ல அந்த மெஷின் இருக்கே. ஏன் போகலை?”

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

“இப்படி ஒரு சரக்கே கிடையாதுன்னு மெஷின் சொல்லிட்டா? பொறவு அவகிட்ட இருந்து எனக்கு என்ன மிச்சம்?”

“எந்திரிங்க. போவோம்.”

பில் போடும் இடத்தில் ஜெஸிந்தா என்ற பெண் இருந்தாள். டப்பாவை வாங்கி, கோட்டை மெஷினுக்குக் காட்டினாள். கோடு தேய்ந்திருந்ததால் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கோமதிநாயகம் மூச்சை விடவில்லை. அவள் முந்தானையால் துடைத்து மறுபடி காட்டினாள். பீப் என்றது.

“வசந்தமாலை, தாழம்பூ” என்று திரையைப் படித்தவள், பழக்கத்தில் “பை வேணுமா ஐயா?” என்றபடி டப்பாவை நகர்த்தினாள். கனமே இல்லை. “ஐயையோ, காலி டப்பாவுக்குல்லா பில்லு போடப் பாத்தேன்!”

“மெஷினுக்குக் காலியும் தெரியாது, நிறையும் தெரியாதும்மா” என்றார் கோமதிநாயகம். தாழம்பூவா! இத்தனை காலமும் மல்லிகை என்றல்லவா நினைத்திருந்தார்.

ஜெஸிந்தா உள்ளே போய்ப் புது டப்பா ஒன்றை எடுத்து வந்தாள். இப்போது பிளாஸ்டிக். படமும் வேறு. அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்களை ஒப்பிட்டார். கிட்டங்கியில்கூட இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டார். ஒன்றும் பிசகவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, மடம் போய்ச் சேரும்வரை பொறுக்காமல் அங்கேயே மூடியைத் திருகினார். உள்ளங்கையில் தட்டி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

“இது இல்லை.”

“என்ன இல்லை?” என்றார் அம்மை.

“இது அவ வாசனை இல்லை. கம்பெனிக்காரன் நம்பரை அப்படியே வச்சுக்கிட்டு சரக்கை மாத்திட்டான் அம்மை! ஏமாத்திட்டான்!”

பருப்பு வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வயதான மனிதர் கடை நடுவே நின்று அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஜெஸிந்தா பயந்துபோய், தானும் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தாள்.

“டப்பாதான் மாறியிருக்கு ஐயா. வாசனை அதேதான். நான் பிறந்ததுல இருந்து எங்கம்மா மேல இதைத்தான் மோந்திருக்கேன்.”

அம்மை அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய், வாசலில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைமேல் உட்கார வைத்தார்.

“எப்போ பூசுவாங்க?”

“சாயங்காலம். அடுப்படி வேலையெல்லாம் முடிச்சு, கிணத்துத் தண்ணியில முகத்தைக் கழுவிட்டு. காலையில பூசின மஞ்சள் பாதி போகாமலே இருக்கும். அதுக்கு மேலேயே பூசுவா. சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்குன்னு நான் கேலி பண்ணுவேன். ‘நீங்க ஒழுங்கா பாத்தா சரி’ன்னுவா. பொறவு விளக்கேத்திட்டு, எண்ணெய்க் கையோட காப்பி கொண்டாந்து நீட்டுவா. அப்போ ஒரு வாசனை வரும் பாருங்க, அம்மை…”

முகம் ஒரு கணம் மலர்ந்தது. சொல்ல வந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த பவுடரைப் பார்த்தார்.

“எண்ணும் அதேதான். சரக்கும் அதேதான்னு அந்தப் பிள்ளை சொல்லுது. அப்போ இதுல என்ன அம்மை குறையுது?”

அம்மை புது டப்பாவை மூடி, அவர் மடியில் வைத்தார்.

“கம்பெனிக்காரங்க கோடு போட்டது பவுடருக்குத்தானே ஐயா. தெய்வானைக்குப் போடலையே.”