பேச்சியின் அடுப்பு

மடத்துப் படியேறும்போதே வேலம்மாளுக்கு நெஞ்சு கொதித்தது. ஊர்ப் பெண்கள் நடத்தும் சேமிப்புச் சங்கத்துக்குத் தலைவி அவள். மடத்து அடிகள் அவளைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரைத்தான் குருவாக வரித்திருந்தாள்.

"சாமி, இனி அந்தச் சங்கத்துல எனக்கு வேலையில்லை."

அடிகள் கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தார். "என்ன நடந்தது?"

"பேச்சி புருஷன் படுத்த படுக்கையா கிடக்கான். அவளால தவணை கட்ட முடியல. அதுக்காக நம்ம சங்கத்துக்காரிக வீடு புகுந்து அண்டா, பானை, சட்டின்னு ஒண்ணு விடாம தூக்கிட்டு வந்துட்டாளுக. கந்துவட்டிக்காரன் இப்படிப் பண்றான்னுதானே சங்கமே வச்சோம்? இப்ப நாமளே பண்றதா?"

"நீங்க என்ன செய்தீங்க?"

"கூடாதுன்னு சொன்னேன். இவளை விட்டா நாளைக்கு எவளும் கட்டமாட்டா, சங்கம் மண்ணாப் போயிடும்னாளுக. காறித் துப்பிட்டு வந்துட்டேன்."

"பேச்சியைப் போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல சாமி, நேரா இங்கதான் வர்றேன்."

அடிகள் வாளியை இறக்கி வைத்துவிட்டு ஊரைப் பார்த்து நடந்தார். அவளும் பின்னாலேயே போனாள்.

பேச்சி வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சொர்ணம் குத்தவைத்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். காலையில் இதே வீட்டு அண்டாவைத் தலையில் சுமந்து போனவள் அவள். இப்போது அடுப்பில் உலை கொதித்தது சொர்ணத்தின் வீட்டுப் பானையில்.

வேலம்மாளுக்கு ஆத்திரம் தாளவில்லை. "காலையில பறிப்பே, மத்தியானம் கொடுப்பியா? என்னடி நாடகம் இது?"

சொர்ணம் தலை நிமிரவில்லை. "சங்கத்துல எல்லாரும் பறிக்கக் கிளம்பி எழுந்தாங்க, நானும் எழுந்தேன். வீட்டுக்குப் போனா சோறு தொண்டையில இறங்கல. யார் கண்ணுலயும் படாம கொல்லை வழியா வந்தேன்."

பேச்சி மெல்லச் சொன்னாள். "அரிசி ராக்கம்மா கொடுத்தது. அவளும் காலையில வந்தவதான். யார்கிட்டயும் சொல்லிடாதேன்னா."

வேலம்மாள் விருட்டென்று வெளியே வந்தாள். "பார்த்தீங்களா சாமி? அக்கிரமத்தைத் தெருவுல பண்ணுவாளுக, நல்லதை ஒளிஞ்சு பண்ணுவாளுக. இவளுகளுக்கு நான் எதுக்குத் தலைவி?"

"கொல்லை வழியா வந்தவங்க தெரு வழியா வரணும்னா, முன்னால நடக்க ஒரு ஆள் வேணுமேம்மா" என்றார் அடிகள்.