பல்லக்கு ஏன் ஆடுகிறது?

வேங்கைமலை நாட்டில் பஞ்சம். ராஜாவுக்கு அது தெரியாது. தன் பல்லக்கு ஆடுகிறது என்பது மட்டும் தெரிந்தது. தண்டு கோணல் என்று தச்சனைத் திட்டித் தண்டை மாற்றினார். ஆட்டம் நிற்கவில்லை. பல்லக்குத் தூக்குபவர்களில் ஒருவனான சடையாண்டியைக் கூப்பிட்டார்.

"பௌர்ணமிக்கு ஊர்வலம். கையில் பால் கிண்ணத்தோடு உட்காருவேன். ஒரு சொட்டு சிந்தினாலும் உங்களுக்குச் சவுக்கடி."

சடையாண்டி தலையைச் சொறிந்தான். "நிறுத்திடலாம் மகாராஜா. பழுது பார்க்கிற சாமான் உங்க களஞ்சியத்துல இருக்கு."

"எடுத்துக்கொள்" என்றார் ராஜா, என்ன சாமான் என்று கேட்காமலே.

பௌர்ணமியன்று பல்லக்கு படகுபோல மிதந்து போனது. ஊர் எல்லையில், வழக்கப்படி, அடுத்த ஊர் ஆட்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். நாலடி போவதற்குள் பால் முழுக்க ராஜாவின் பட்டு வேட்டியில்.

"பழுது பார்ப்பதாகச் சொன்னாயே" என்று கூடவே நடந்துவந்த சடையாண்டியிடம் சீறினார் ராஜா.

"பார்த்தேன் மகாராஜா. களஞ்சியத்து நெல்லுல எங்க ஊரே வயிறாரக் கஞ்சி குடிச்சுது. ஆட்டம் தண்டுல இல்ல, தூக்குறவன் வயித்துல. இவங்க ஊருக்கு இன்னும் கஞ்சி வரல."

ராஜா குனிந்து பார்த்தார். தண்டுக்கடியில் அந்த ஊர் ஆட்கள் எலும்பும் தோலுமாக நின்றார்கள். இறங்கி, களஞ்சியச் சாவியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, ஈர வேட்டியோடு நடந்தார்.

"ராஜா நடப்பதா?" என்று பதறினார் மந்திரி.

"நடக்கட்டும் சாமி" என்றான் சடையாண்டி. "மேல தூக்கி வெச்சது நாங்கதானே. சாப்பிட்டுட்டு வந்து மறுபடி தூக்கி வெக்கிறோம்."