ஏழாவது நோயாளி

வைத்திலிங்கம் இருபத்தெட்டு வருடம் அரசு மருத்துவமனையில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன்பின் தனியார் பல் கிளினிக்குகளை ஆய்வு செய்யும் குழுவில் சேர்ந்தார். அவருக்கு வேலை கற்றுத்தர வேண்டியவர் ரெஜினா. வயதில் அவரைவிட இருபது வருடம் இளையவர்.

முதல் நாள் போகிற வழியில் வைத்திலிங்கம் கேட்டார்.

“மேடம், ஒரு கிளினிக் நோயாளிக்குப் பாதுகாப்பானதுன்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கறது?”

“போய் உட்கார்ந்து பார்ப்போம், சார்.”

“எதைப் பார்க்கணும்?”

“அது அங்க போனாத்தான் தெரியும்.”

கிளினிக் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இருந்தது. டாக்டர் முகுந்தன் வாசலுக்கே வந்து வரவேற்றார். தரை பளபளத்தது. வைத்திலிங்கம் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். சான்றிதழ்கள் சுவரில் இருந்தன. மருந்துகளில் காலாவதியானது ஒன்றுமில்லை. கருவிகளை நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவ் புதியது. அலமாரியில் பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ்கள் ஆறு இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், சீல் வைத்து, தேதி எழுதி.

எல்லாவற்றுக்கும் நேராக ‘சரி’ என்று குறித்தார்.

“முடிஞ்சது, மேடம். கிளம்பலாமா?”

ரெஜினா பட்டியலை வாங்கிப் பார்க்கவில்லை. கருவி கழுவும் மேடைக்கு எதிரே இரண்டு நாற்காலிகளைப் போட்டார். ஒன்றில் உட்கார்ந்தார்.

“நீங்களும் உட்காருங்க, சார்.”

நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் பல்லைக் குடைந்து அடைக்கும் வேலை. உதவியாளர் செல்லக்கனி, நாற்பது வயதிருக்கும், உறையைப் பிரித்து ஹேண்ட்பீஸை டாக்டர் கையில் கொடுத்தார். வேலை முடிந்ததும் அதைக் கழுவி ஒரு தட்டில் போட்டார். அடுத்தவருக்கு அடுத்த உறை.

டாக்டரின் கையைப் பார்த்தபடி வைத்திலிங்கம் மெதுவாகச் சொன்னார்:

“நல்ல கை, மேடம். சுத்தமான வேலை.”

“ஆமா, சார்.”

ரெஜினா டாக்டரைப் பார்க்கவில்லை என்பதை வைத்திலிங்கம் அப்போதுதான் கவனித்தார். அவர் கண் அலமாரியிலேயே இருந்தது. அங்கே என்ன இருக்கிறது? வைத்திலிங்கமும் பார்த்தார். மூன்று உறைகள் மீதி இருந்தன. கொஞ்ச நேரத்தில் இரண்டு. பிறகு ஒன்று.

ஆறாவது நோயாளி எழுந்து போனார். அலமாரி காலி. தட்டில் ஆறு ஹேண்ட்பீஸ்கள் கிடந்தன. ஆட்டோகிளேவ் காலையிலிருந்து ஒரு தடவைகூட ஓடவில்லை. வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள்.

“முத்துப்பேச்சி!” என்று செல்லக்கனி கூப்பிட்டார்.

ஆறு மாத வயிற்றோடு ஒரு பெண் கன்னத்தைப் பிடித்தபடி வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை என்றாள்.

முகுந்தன் கையை நீட்டினார். செல்லக்கனி அலமாரியைப் பார்த்தார். ஆய்வுக்கு வந்தவர்களைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, அவசர அவசரமாகத் துடைத்தார்.

வைத்திலிங்கம் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

“டாக்டர், நிறுத்துங்க.”

முத்துப்பேச்சி பயந்துபோனாள். “என்ன சார்? என்ன ஆச்சு?”

“இது முன்னால வந்தவங்க வாயில இருந்ததும்மா. இன்னும் மெஷின்ல வேகல.”

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

முகுந்தன் கையுறையைக் கழற்றினார். முகம் சிவந்திருந்தது.

“சார், ஒரு தடவை மெஷின் ஓட நாற்பது நிமிஷம். ஒரு நாளைக்கு முப்பது பேர் வராங்க. எல்லாம் கூலி வேலைக்குப் போறவங்க. காத்திருன்னா திரும்பிப் போயிடுவாங்க. வலியோட போவாங்க. அதுக்கு இது தேவலைன்னுதான் சாயங்காலம் ஒரு தடவை மட்டும் போடறோம்.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாக வைத்திலிங்கத்துக்குப் பட்டது. ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தார்.

ரெஜினா செல்லக்கனியிடம் கேட்டார்.

“ஏம்மா, டாக்டர் வீட்டு ஆளுங்களும் இங்கதானே பல் காட்ட வருவாங்க?”

“ஆமா, மேடம்.”

“எப்ப வருவாங்க?”

செல்லக்கனி புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

“காலையில முதல் ஆளா வருவாங்க, மேடம்.”

முகுந்தன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

முத்துப்பேச்சிதான் கேட்டாள். “அப்ப என் பல்லு?”

முகுந்தன் எழுந்தார். ஆறு ஹேண்ட்பீஸ்களையும் தானே கழுவி, எண்ணெய் விட்டு, உறையிலிட்டு, ஆட்டோகிளேவில் அடுக்கி மூடினார். வெளியே போய்க் காத்திருந்தவர்களிடம் ஏதோ சொன்னார். நாலைந்து பேர் முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள்.

நாற்பது நிமிடம் முத்துப்பேச்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செல்லக்கனி அவளுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் பல்லை அடைத்து அனுப்பிய பிறகு ரெஜினா அறிக்கையை எழுதினார். ஹேண்ட்பீஸ்கள் போதிய எண்ணிக்கையில் வரும்வரை, ஒரு நாளில் மெஷினில் வெந்து வருகிற அளவுக்குத்தான் நோயாளிகளைப் பார்க்கலாம். இதுவரை வந்தவர்களின் பெயர்ப் பதிவேடு மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் போக வேண்டும். முகுந்தன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பேருந்துக்காக இருவரும் நின்றார்கள். வைத்திலிங்கம் கேட்டார்.

“பதிவேடு எதுக்கு, மேடம்?”

“ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு ரத்தம் பார்க்கணும். மஞ்சள் காமாலைக் கிருமி உள்ள போனா, வெளியில தெரியவே சிலருக்குப் பல வருஷம் ஆகும்.”

பேருந்து ஒன்று வந்தது. அவர்களுடையதல்ல. போய்விட்டது.

“உங்ககிட்ட மறைக்கக் கூடாது,” என்றார் வைத்திலிங்கம். “எங்க ஆஸ்பத்திரியில ஒரு நாளைக்கு எழுபது பேர் வருவாங்க. ஹேண்ட்பீஸ் மூணுதான். நானும் துடைச்சுத் துடைச்சுத்தான் வேலை பார்த்தேன். இருபத்தெட்டு வருஷம்.”

ரெஜினா கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆனா நல்லவேளை, மேடம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.”

ரெஜினா அவர் பக்கம் திரும்பினார். குரலில் கோபமில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்பதுபோல் இருந்தது.

“யார்கிட்ட கேட்டீங்க, சார்?”