பன்னிரண்டு ஜீப்ரா மீன்கள்

“கூட்டமா வாழற மீன்னு சொல்லித்தானே கொடுத்தீங்க டீச்சர்? வந்து பாருங்க. ஆளுக்கொரு பக்கம் திரியுது.”

பலராமன் போனில் கத்திய கத்தலில் ரோஸ்லின் ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் ரோஸ்லினுக்கு முப்பது வயதுதான். மீனைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் நாலு திட்டு திட்டுவாள் என்பதால் தெருவே அவளை டீச்சர் என்று கூப்பிடும். அறுபத்து நான்கு வயது பலராமனும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அவரும் நிறையத் திட்டு வாங்கியவர். தொட்டி வந்த அன்றே மீன் கேட்டார். தண்ணீர் முதலில் பழகட்டும் என்று, மீன் இல்லாமலே ஒரு மாதம் ஃபில்டரை ஓடவிடச் சொன்னாள். இரண்டு மீன் போதும் என்றார். பன்னிரண்டுக்கு ஒன்று குறைந்தாலும் தர மாட்டேன் என்றாள். ஜீப்ரா மீன் துள்ளி வெளியே விழும் என்று தொட்டிக்கு மூடியும் போடவைத்தாள்.

தொட்டி, பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது.

நான்கு மாதம் முன்பு பலராமனுக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரையிலிருந்து மூத்தவன், பெங்களூரிலிருந்து நடுவுள்ளவன், வேலூரிலிருந்து கடைக்குட்டி எழிலி, மூன்று பேரும் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பத்து நாள் கூடவே இருந்தார்கள். மனைவி போன பிறகு அந்த வீடு அப்படி நிறைந்ததே இல்லை. வலியை அவர் மறந்துவிட்டார். பத்து நாளை மறக்க முடியவில்லை.

திரும்பிப் போகும்போது, அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று தொட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு போன் வந்தது, ஆள் வரவில்லை.

இன்று காலை எட்டு மணிக்கு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், ‘மறுபடி நெஞ்சு வலிக்கிறது’ என்று எழுதினார்.

வலிக்கவில்லை.

மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள். முப்பது வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த மனிதர். யார் எத்தனை மணிக்கு வந்து சேர்வார்கள் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியும் வைத்துவிட்டார். எழுதி முடித்த பிறகுதான் நெஞ்சு நிஜமாகவே படபடக்க ஆரம்பித்தது. வந்து கேட்டால் என்ன சொல்வது? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீனையாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தால், அதுவும் சிதறிக் கிடந்தது.

ரோஸ்லின் வந்து தொட்டி முன்னால் குனிந்தாள்.

“என்ன வியாதி டீச்சர்?”

“சாப்பிடுதா?”

“போட்டது போட்டபடி காலி பண்ணுது.”

“கலர் நல்லா ஏறியிருக்கு. ஒரு வியாதியும் இல்ல.”

“அப்புறம் ஏன் பிரிஞ்சு போச்சு? வந்த புதுசுல பன்னிரண்டும் ஒரே கொத்தா ஒட்டிக்கிட்டே திரியும். பார்க்கப் பார்க்க ஆசையா இருக்கும். அந்த மாதிரி வேணும் டீச்சர்.”

“அந்த மாதிரியேவா?”

“அதே மாதிரி.”

ரோஸ்லின் மூடியைத் தூக்கினாள். தண்ணீருக்கு மேலே கையை ஒரே வீச்சாக வீசினாள்.

பன்னிரண்டு மீனும் கண் மூடித் திறப்பதற்குள் இடது மூலையில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன.

பலராமன் குழந்தை மாதிரிக் கைதட்டிவிட்டார். “இதுதான்! இதேதான்! என்ன பண்ணீங்க டீச்சர்?”

“பயமுறுத்தினேன்.”

மேஜை மேல் போன் அதிர்ந்தது. பலராமன் எடுக்கவில்லை.

“வந்த புதுசுல எது வந்து கடிக்குமோன்னு பயம் சார். அதான் ஒட்டிக்கிட்டே திரிஞ்சுது. இப்ப இது அதுங்க வீடு.”

போன் அடித்து ஓய்ந்தது.

“எப்பவும் சேர்ந்தே இருக்கணும்னா?” அவர் குரல் இறங்கியிருந்தது.

“தினம் காலையில ஒரு தடவை கையை வீசுங்க. சேர்ந்தே இருக்கும்.”

“அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“சாப்பிடாது. இளைச்சுப் போகும். ஆனா சேர்ந்தே இருக்கும்.”

பலராமன் மூலையைப் பார்த்தார். பன்னிரண்டு மீனுக்கும் செவுள் வேகவேகமாக அடித்துக்கொண்டது. இத்தனை நாள் அவர் அதைக் கவனித்ததே இல்லை.

மறுபடி போன். எழிலி. இந்தத் தடவை எடுத்தார்.

“அப்பா! ஏம்பா போனை எடுக்கல? பஸ் வாலாஜா தாண்டிடுச்சு. பாப்பாவைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு அப்படியே வந்துட்டேன். வலி எப்படி இருக்கு? பக்கத்துல யாராவது இருக்காங்களா? பேசுங்கப்பா...”

அவளுக்கு மூச்சு வாங்கியது.

“வலிக்கலம்மா” என்றார் பலராமன். “காலையிலயும் வலிக்கல. உங்களையெல்லாம் வரவைக்கணும்னு சும்மா எழுதினேன். அண்ணனுங்களுக்கும் நானே சொல்லிடறேன்.”

ரோஸ்லின் மெதுவாக மூடியைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள்.

“அறிவிருக்காப்பா உங்களுக்கு?” எழிலி வெடித்தாள். “பாதி உசிரு போயிடுச்சு எனக்கு! விளையாடற விஷயமா இது?”

பிறந்ததிலிருந்து அவள் அவரிடம் குரலை உயர்த்தியதே இல்லை.

தொட்டியில் ஒரு மீன் மூலையை விட்டுத் தனியாக வெளியே வந்தது.

“திட்டு” என்றார் பலராமன். “இன்னும் நல்லாத் திட்டும்மா.”