மலை இல்லாத கல்

ஒரு காலத்தில் ஏழு மலைகளுக்கு நடுவே ஒரு சந்தை இருந்தது. ஒவ்வொரு மலையும் தன் சரக்கைத் தன் கல்லால் நிறுத்து விற்றது; அதனால் வாரம் தவறாமல் சண்டை. கடைசியில் மலைகள் சேர்ந்து சங்கம் வைத்து, ஒரு பொதுச் சாவடி கட்டின. அதில் ஒரு தராசு, மலைக்கு ஒன்றாக ஏழு எடைக்கற்கள்.

சாவடியின் செயலாளர் உளி. வந்த ஒவ்வொரு கல்லையும் வாசலிலேயே நிறுத்தி, அதன் முகத்திலிருந்த மலை முத்திரையைக் கொத்தி எடுத்தது. "இன்று முதல் எனக்கு மலை இல்லை, எடைதான் உண்டு" என்று சத்தியமும் வாங்கியது. வலித்தாலும் கற்கள் மனதாரத்தான் சொல்லின. பதினோரு வருடம் எடையைப் பற்றி ஒரு முணுமுணுப்பு எழவில்லை.

அப்புறம் கருங்குன்று ஓர் அநியாயம் செய்தது. கீழே இறங்கும் ஓடையைப் பாறை போட்டு அடைத்தது. எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் கேட்காததால், மற்ற ஆறு மலைகளும் அதைச் சங்கத்திலிருந்து நீக்கின. அது நியாயம்தான். சாவடியில் இருந்த கற்கள்கூட, "நல்லா வேணும் அதுக்கு" என்றன.

அடுத்த சந்தை நாள் காலையில் உளி வந்து நின்றது.

"உங்களில் கருங்குன்றின் கல் யார்? வெளியே வரவும்."

ஏழு கற்களும் ஒரே மாதிரி மொழுமொழுவென்று இருந்தன. உளி ஒவ்வொன்றின் முகத்தையும் தடவித் தடவிப் பார்த்தது.

தராசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னத்தத் தேடுறீரு? கொத்தி எடுத்தது நீருதானே!"

உளி கோபமாக நிமிர்ந்தபோது ஐந்து கிலோ கல் முன்னால் உருண்டு வந்தது. "நான்தான்."

"அட மடையா, சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று பதறியது தராசு.

"இதுல பொய் சொல்லிட்டு, அப்புறம் எப்படி உன் தட்டுல ஏறி உட்காருவேன்?"

உளி தொண்டையைச் செருமிக்கொண்டது. "உன் வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் உன் மலை இப்போது உறுப்பினர் இல்லையே."

"எந்த மலை? எனக்கு மலையே இல்லைன்னு சொல்ல வச்சது நீங்கதானே?"

"அது சத்தியம். இது விதி" என்றது உளி.

சொல்லும்போது அதன் முனைகூட மழுங்கவில்லை! ஐந்து கிலோவைத் தூக்கி வெளியே போட்டது. அது உருண்டு உருண்டு கருங்குன்றின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. "எங்கே என் முத்திரை? ஊரானுக்கு உழைத்த கல்லுக்கு இங்கே இடமில்லை" என்று குன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஓடையை அடைத்த மலை நின்ற இடத்தில் அப்படியே நிற்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீரையும் தடுக்காத கல் தெருவில் கிடக்கிறது. இதற்குப் பெயர் நடவடிக்கையாம்!

சாவடியில் புளி நிறுக்க வந்த குருவம்மா, "அஞ்சு கிலோ கல்லு எங்க? உடைஞ்சி போச்சா?" என்று கேட்டாள்.

"உடையல தாயி. பிறந்த இடம் சரியில்லையாம்" என்றது தராசு.

"இதென்ன கூத்து! எம் புளிய நிறுத்தது அது எடையா, அது பொறந்த எடமா?"

உளி உறுப்பினர் மலை ஒன்றிலிருந்து வேறொரு ஐந்து கிலோவைக் கொண்டு வந்து வைத்தது.

கற்களுக்கு ஒன்று விளங்கிவிட்டது. மலைக்குக் கேடு வந்தால் தங்கள் பிழைப்பும் போகும். அன்று மத்தியானம் தன் மலையின் தேன் தட்டில் ஏறியதும், இரண்டு கிலோ கல் மூச்சை இழுத்துப் பிடித்து லேசாக உட்கார்ந்தது; குறைந்த தேனே இரண்டு கிலோவாக நின்றது. பத்து கிலோ அதைப் பார்த்தது. தன் மலையின் கிழங்கு வந்தபோது அதுவும் அப்படியே செய்தது. தராசு கத்திப் பார்த்தது. எந்தக் கல்லும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போதும் அந்தச் சந்தை நடக்கிறது. குருவம்மா மூட்டையை இறக்குவதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள்:

"இது எந்த மலைக் கல்லு?"